1866ஆம் வருடத்துத் தூசி

2001 நவம்பர் 19, திங்கட்கிழமை. தீபாவளி முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. மலேசிய நேரப்படி விடியற்காலை இரண்டேகால் மணிவாக்கில் கிழக்காசிய வானத்தில் எரிமீன்கள் கொட்டின. லியோனிட்ஸ் என்று வானியலாளர்கள் பெயர் வைத்திருக்கும் விண்கல் மழை அது. சிங்கராசிப் பக்கமிருந்து கிளம்பி வருவதுபோல் தெரிவதால் அந்தப் பெயர். ஆண்டுதோறும் நவம்பர் நடுவில் வரும். சாதாரண வருடத்தில் மணிக்குப் பத்துப் பதினைந்து தெரிந்தாலே அதிகம். அந்த இரவின் உச்சத்தில் கணக்கு மணிக்கு மூவாயிரத்தைத் தாண்டியது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வானம் முழு இருட்டாக இருந்து, சிங்கராசி உச்சந்தலைக்கு மேலே நின்றால் எத்தனை தெரியும் என்று கணித்துச் சொல்லும் எண் அது. ஈப்போவில் அந்த நேரத்தில் சிங்கராசி கிழக்கே அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மலை வேறு. ஆகவே இங்கே நின்றவர்களுக்கு மூவாயிரம் தெரிந்திருக்காது. ராசி மேலே ஏறிய பிறகு, நாலு மணி, ஐந்து மணிக்கு, மேகம் விட்டுக்கொடுத்த இடங்களில் தெரிந்திருக்கும். நவம்பர் மாதப் பேராக் வானத்தை நம்பி யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள்.

எத்தனை விழுந்தது என்பதைவிட, விழுந்தது எந்த வருடத்துச் சரக்கு என்ற விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

எரிமீன் என்பது நட்சத்திரம் கிடையாது என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். வால்நட்சத்திரம் ஒன்று சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது சூடாகித் தூசியைக் கக்கிவிட்டுப் போகிறது. ரவை அளவு, மணல் அளவுத் துணுக்குகள். அந்தத் தூசி வால்நட்சத்திரத்தின் பாதையிலேயே ஒரு நாடாபோல் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும். பூமி அந்த நாடாவைக் கடக்கும்போது தூசி காற்றுமண்டலத்தில் புகுந்து, நூறு கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து தீர்கிறது. லியோனிட்ஸ் தூசியின் வேகம் நொடிக்கு 71 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு மூன்று நொடி.

இதைக் கொடுக்கும் வால்நட்சத்திரத்தின் பெயர் டெம்பல் டட்டில். 33 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனிடம் வந்து போகும். 1865 டிசம்பரிலும் 1866 ஜனவரியிலும் டெம்பல், டட்டில் என்ற இரண்டு பேர் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வருகையிலும் அது கக்குகிற தூசி தனித்தனி நாடாவாக நிற்கிறது. 1999இல் டேவிட் ஆஷர், ராபர்ட் மெக்நாட் என்ற இரண்டு வானியலாளர்கள் எந்த நாடாவை பூமி எந்த நாளில், எந்த மணியில் கடக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 2001இல் ஆசியாவுக்கு மேலே விழப்போவது இரண்டு வருகைகளின் தூசி என்று அந்தக் கணக்கு சொன்னது. ஒன்று 1699ஆம் ஆண்டு கக்கியது. மற்றது 1866ஆம் ஆண்டு கக்கியது. கணக்கு ஏறக்குறைய நிமிட சுத்தமாகப் பலித்தது.

1866இல் கிளம்பி, சூரியனை நாலு முறை சுற்றிவிட்டு, 2001இல் நம் தலைக்கு மேலே எரிந்த தூசி. இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பேராக் ரப்பர்த் தோட்டத் தமிழர்களின் மொத்த வரலாறும் இந்த நாலு சுற்றுக்குள் அடங்கிவிடுகிறது.

*

தூசி கிளம்பிய 1866இல் மலாயாவில் ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. பேராக்கில் வெள்ளைக்கார ஆட்சியும் கிடையாது. லாருட்டில் ஈயத்துக்காகச் சீனக் கூட்டங்கள் அடித்துக்கொண்டிருந்தன. பங்கோர் ஒப்பந்தத்துக்கு இன்னும் எட்டு வருடம் இருந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் இன்னும் இந்தியாவிலிருந்து ஆளப்பட்டுக்கொண்டிருந்தன. அடுத்த வருடம்தான் அவை லண்டனின் நேரடிப் பொறுப்புக்குப் போயின. தமிழர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். பினாங்குக்கு எதிர்க்கரையில் கரும்புத் தோட்டங்களில் சஞ்சிக்கூலிகளாக இருந்தார்கள்.

தூசி சூரியனைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த 1877இல், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் இலங்கை வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் ஒன்பதைக் கோலகங்சாரில் ஹியூ லோ என்ற ரெசிடென்ட் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலி போட்டு நிற்கிறது. அந்த வழியாகப் போனால் நின்று பார்க்கலாம். நம்முடைய ஊழ்வினை அங்கேதான் வேர்விட்டது.

அந்தத் தூசிக்கு ஒரு சுற்று ஏறக்குறைய 34 வருடம். முதல் சுற்று முடிந்து சூரியனிடம் திரும்பியது 1900 வாக்கில். பேராக்கில் காப்பி நட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டு ரப்பருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மெல்லச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி சில வருடங்களுக்கு முன்புதான் செய்து காட்டியிருந்தார். அடுத்த பத்து வருடத்தில் மோட்டார் வண்டி வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. ரப்பருக்கு ஆள் வேண்டியிருந்தது. 1910இல் இந்தியர்களுக்கான சஞ்சிமுறை நிறுத்தப்பட்டது. கங்காணிகள் ஊருக்குப் போய் உறவுமுறையிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் பிடித்து வந்தார்கள். என் கொள்ளுத்தாத்தா அப்படி வந்தவர். எந்த வருடம், எந்தக் கப்பல் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது சுற்று முடிந்தது 1934 வாக்கில். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், கூலி வெட்டப்பட்டு, லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டு முடிந்திருந்த நேரம். 1934 மே மாதத்தில் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் கையெழுத்திட்டன. மரம் எவ்வளவு பால் தரலாம் என்பதை லண்டனில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

மூன்றாவது சுற்றுக்குள் என்னென்னவோ நடந்தது. சப்பான்காரன் வந்தான். தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்து சயாம் பர்மா ரயில்பாதைக்கு அனுப்பினான். பிறகு 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதையொட்டிப் பிரகடனமான அவசரகாலம் 1960 வரை இருந்தது. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. ஊரடங்கு வந்தது. இருட்டில் வெளியே நிற்பவன் சந்தேகத்துக்குரியவன் என்றானது. அது முடிந்த கையோடு தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி கேட்டது இதற்காகத்தான்.

1967, 68 வாக்கில் தூசி மூன்றாவது முறையாகச் சூரியனைச் சுற்றித் திரும்பியது. 1968இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, இங்கேயே பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டியவர்களில் பல்லாயிரம் பேரிடம் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லை. சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. கப்பலேறிப் போனவர்கள் உண்டு. சிவப்பு அட்டையோடு இங்கேயே கிழமாகிச் செத்தவர்களும் உண்டு.

2001இல் அந்தத் தூசி எரிந்து விழுந்தபோது கீழே ரப்பர் அதிகம் இல்லை. பல தோட்டங்கள் செம்பனை ஆகியிருந்தன. பட்டணத்துக்குப் பக்கத்தில் இருந்தவை தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியிருந்தன. 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவைத் தாண்டிப் போகும்போது, இந்த இடத்தில்தான் எங்கள் லயம் இருந்தது என்று வண்டிக்குள்ளிருந்து விரல் நீட்டிக் காட்டும் பெரியவர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். காட்டி முடிப்பதற்குள் வண்டி அந்த இடத்தைத் தாண்டிவிடும்.

*

வானியலும் தோட்டமும் இந்த வருடக் கணக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இன்னொரு சம்பந்தமும் இருக்கிறது.

விண்கல் மழையைப் பார்க்கச் சரியான நேரம் நள்ளிரவுக்குப் பிறகு, விடிவதற்கு முன். பூமி சூரியனைச் சுற்றி ஓடும் திசைக்கு நாம் அப்போதுதான் முகம் கொடுத்து நிற்கிறோம். மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் நெஞ்சில்தான் அதிகம் நனையும், முதுகில் குறைவு. அதே கதைதான்.

பால்மரம் வெட்டச் சரியான நேரமும் அதையொட்டித்தான் வரும். குளிர்ச்சியான இருட்டு நேரத்தில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும். வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் நாலு மணிக்கு எழுந்து, ஐந்து, ஐந்தரைக்குப் பெரட்டுக் களத்தில் நின்று, விடிவதற்குள் நிரைக்குப் போக வேண்டும். 1982க்கு முன்னால் மலேசியக் கடிகாரம் இன்றைக்குவிட அரைமணி நேரம் பின்னால் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூறு வருடமாக, வாரத்துக்கு ஆறு நாள், எரிமீன் அதிகம் விழும் நேரத்தில் விழித்து வெட்டவெளியில் நடந்துகொண்டிருந்தவர்கள் நம்முடைய ஆட்கள். துரை தூங்கிக்கொண்டிருந்தார். பட்டணம் தூங்கிக்கொண்டிருந்தது. வானத்தைப் பார்ப்பதற்காகச் சம்பளம் வாங்கிய வானியலாளனைவிட அதிகமான விடியற்காலைகளை ஒரு பால்வெட்டுக்காரி வானத்துக்குக் கீழே கழித்திருப்பாள்.

என் பெரியம்மா சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் மரம் வெட்டியவர். அவரிடம் இதைக் கேட்டேன்.

“வெள்ளி விழுறதா? எத்தனையோ பாத்திருக்கேன்ப்பா. பெரட்டுக்கு நடந்து போவயில விழும். நெரைக்குள்ள நொழஞ்சிட்டா ஒண்ணும் தெரியாது. மரந்தான் மூடிக்கிட்டு நிக்குமே. எல உதிருற மாசத்துல மட்டும் நெரைக்குள்ள நின்னாலும் தெரியும்.”

இது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத தகவல். ரப்பர் மரம் வருடத் தொடக்கத்தில் இலையுதிர்க்கும். பால் குறையும், வருமானம் குறையும். வானம் மட்டும் திறக்கும்.

பயமாக இருக்காதா என்று கேட்டேன். நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் ஆகாது என்பார்களே.

“ஆமா. பாத்துட்டா ஒடனே பச்ச மரத்தப் பாக்கணும்பாங்க. நாங்க எங்க போயித் தேடுறது? சுத்திவரப் பச்ச மரந்தானே.” கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: “அத்தன வெள்ளி விழுந்திருக்கு. ஒண்ணாச்சும் எங்க மங்குல விழுந்துச்சா?”

மலேசியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு: இங்கே வெள்ளி என்றால் ரிங்கிட். மங்கு என்பது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்.

பக்கத்தில் வேலை செய்த மலாய்க்காரர்கள் இதை ‘தாஹி பிந்தாங்’ என்பார்கள் என்றும் பெரியம்மா சொல்லிச் சிரித்தார். நட்சத்திரத்தின் மலம் என்று அர்த்தம். வானியலாளர்களின் விளக்கத்துக்கு அது ஒன்றும் தூரமில்லை. வால்நட்சத்திரம் கழித்துவிட்டுப் போனதுதானே.

செம்பனை வந்ததும் இந்த நேரக்கணக்கு மாறியது. குலை வெட்டக் கண் தெரிய வேண்டும், அது பகல் வேலை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது தோட்டத்துச் சனங்களின் கடிகாரமும் மாறிப்போனது என்பதைப் பொருளாதார வரலாறு எழுதுபவர்கள் யாராவது குறித்திருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

*

அப்படியானால் விழுந்த வெள்ளிகளை எழுதி வைத்தது யார்?

நம் மொழியில் இருக்கும் மிகப் பழைய குறிப்பு புறநானூற்றின் 229ஆம் பாட்டு. பாடியவர் கூடலூர் கிழார். பங்குனி மாதம், நடுச்சாமம். எந்தெந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே நின்றது என்பதுவரை குறித்துக்கொண்டு, ஒரு மீன் தீப்பரந்து விழுந்ததைச் சொல்கிறார். அதைப் பார்த்தவர்களுக்கு மன்னனைப் பற்றிய கவலை வருகிறது. ஏழாம் நாள் மன்னன் இறந்துபோகிறான். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேர அரசன் அவன். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் இந்தப் புலவர், தொகுக்கச் செய்தவன் இந்த அரசன் என்பது மரபு. மூடநம்பிக்கைப் பாட்டு என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அது வானத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் போட்டு வைத்த நாட்குறிப்பாகத் தெரிகிறது. நண்பன் செத்த துக்கத்தில் எழுதியதால் அது தங்கியது.

லியோனிட்ஸ் மழையின் பழைய குறிப்புகளில் ஒன்று 902ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வட ஆப்பிரிக்காவை ஆண்ட இப்ராகிம் பின் அகமது என்ற அரசர் அந்த வருடம் இறந்தார். அரபுக் குறிப்புகள் நட்சத்திரங்கள் மழையாய் விழுந்ததை அவருடைய சாவோடு சேர்த்தே சொல்கின்றன. அங்கேயும் அரசன் செத்தால்தான் வானம் ஏட்டில் ஏறியது. இந்தப் பழைய குறிப்புகள் பிற்கால விஞ்ஞானிகளுக்குப் பெரிய உதவியாக இருந்தன. 33 வருடக் கணக்கைப் பிடித்ததே இவற்றை வரிசைப்படுத்தித்தான். எழுதி வைத்ததால்தான் தூசிக்குப் பிறந்த வருடம் கிடைத்தது.

என் பெரியம்மாவின் அடையாள அட்டையில் பிறந்த தேதி ஜனவரி 1. தோட்டத்தில் அவர் வயதுக்காரர்கள் நாலைந்து பேருக்கு அதே தேதிதான். யாரோ ஒரு கிராணி வசதிக்காகப் போட்டது. எப்போது பிறந்தீர்கள் என்று கேட்டால், “சப்பான்காரன் போயி, கம்முனிஸ்ட்டு காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஒரு மழக்காலத்துல” என்கிறார். 1866இல் வால்நட்சத்திரத்திலிருந்து பிரிந்த மணல் துணுக்குக்கு நம்மால் பிறப்புச் சான்றிதழ் எழுத முடிகிறது. அதற்கு எண்பது வருடம் கழித்துப் பிறந்த மனுசிக்கு முடியவில்லை.

ஆனால் அரசன் இல்லாமலும், ஏடு இல்லாமலும் வானத்தைப் பதிந்து வைத்த மனிதர்களும் இருந்திருக்கிறார்கள். 1833 நவம்பர் 13 விடியற்காலை இதே லியோனிட்ஸ் வட அமெரிக்காவில் பெருமழையாய்க் கொட்டியது. உலகம் முடிகிறது என்று சனங்கள் மண்டியிட்டார்கள். டெனிசன் ஓல்ம்ஸ்டெட் என்ற பேராசிரியர் பத்திரிகையில் விளம்பரம் செய்து, பார்த்தவர்களின் சாட்சியங்களைக் கேட்டு வாங்கி, எல்லாம் வானத்தின் ஒரே புள்ளியிலிருந்து வந்தன என்று நிறுவினார். விண்கல் அறிவியல் அங்கிருந்து தொடங்கியது. லக்கோட்டா பழங்குடிகள் வருடத்துக்கு ஒரு படம் வரைந்து காலக்கணக்கு வைப்பவர்கள். அந்த வருடத்துக்கு அவர்கள் போட்ட படம் நட்சத்திரங்கள் விழுவது. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவர்களில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. நட்சத்திரம் விழுந்த இரவுக்கு முன்னால், பின்னால் என்று வயதைக் கணக்கிட்டார்கள். 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் அந்த இரவைத் துணியில் தைத்து வைத்தார். அவர் தைத்த போர்வை இன்று பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹாரியட் பிறந்ததே அந்த இரவுக்கு நாலு வருடம் கழித்து. மூத்தவர்கள் சொல்லிக் கேட்டதைத்தான் தைத்தார். அடுத்த தலைமுறைக்கு ஒருத்தி காது கொடுத்ததால் அந்த வானம் தப்பித்தது.

பேராக் மண்ணுக்கும் ஒரு நினைவு இருக்கிறது. ஈப்போவுக்கு வடக்கே, லெங்கோங் பள்ளத்தாக்கில் புக்கிட் பூனோ என்ற இடம். அங்கே ஒரு பெரிய விண்கல் விழுந்து பாறை உருகி இறுகியிருக்கிறது. அந்தப் பாறைக்குள் கற்கருவிகள் புதைந்திருந்ததாகவும், விழுந்து ஏறக்குறைய 18 லட்சம் வருடம் ஆகியிருக்கும் என்றும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கருவிகளின் வயது பற்றி அறிஞர்களிடையே வாதம் உண்டு. 2012இல் லெங்கோங் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கல்லின் ஞாபகத்தைக் காக்க இன்று வேலி இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது.

*

இப்போது நான் குடியிருப்பது ஈப்போவில் ஒரு தாமானில். வீட்டுக்குப் பின்னால் பத்தடிச் சிமெண்டுத் தரை, துணிக்கொடி, தொட்டியில் ஒரு கறிவேப்பிலை. 2023 டிசம்பர் 14 விடியற்காலை ஜெமினிட்ஸ் மழைக்காக அங்கே பாய் போட்டுப் படுத்தேன். அமாவாசை கழிந்த மறுநாள் இரவு, நிலா தொந்தரவு இல்லை. மிதுனராசிப் பக்கமிருந்து வரும் மழை இது. இதைக் கொடுப்பது வால்நட்சத்திரம்கூட இல்லை, 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட பீத்தான் என்ற சிறுகோள். முழு இருட்டில் மணிக்கு நூறுக்கு மேல் தெரியக்கூடிய மழை. இரண்டு மணி நேரத்தில் நான் எண்ணியது 19.

மிச்சம் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, விழுந்துகொண்டுதான் இருந்தது. சந்து முனை எல்இடி விளக்கு, பக்கத்து வீட்டுக் கேமரா வெளிச்சம், தூரத்தில் பேரங்காடியின் விளம்பரப் பலகை எல்லாம் சேர்ந்து வானத்துக்கு வெள்ளையடித்திருந்தன. பெரியம்மா பெரட்டுக்கு நடந்த பாதையில் அவர் கையில் இருந்த மண்ணெண்ணெய் விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இருந்திருக்காது. அந்த இருட்டை நான் கொண்டாட வரவில்லை. பாம்பு இருந்தது, பன்றி இருந்தது, இருட்டில் வழிமறிக்கும் மனிதர்களும் இருந்தார்கள். லயத்துக்கு மின்சாரம் வந்த நாளைப் பெரியம்மா திருநாள்போல் நினைவு வைத்திருக்கிறார். வெளிச்சம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. இருட்டில் நடந்தவர்கள் பார்த்தது என்ன என்று கேட்கும் கடமை மட்டும் இருக்கிறது.

அதற்கு அதிக நாள் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் விவரம் தெரிந்து வேலை செய்தவர்களில் இளையவர்களே இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். தோட்டத்து வரலாறு என்று நாம் எழுதுவதில் கூலி இருக்கிறது, கங்காணி இருக்கிறார், கள்ளுக்கடை இருக்கிறது, துண்டாடல் இருக்கிறது. எல்லாம் எழுதப்பட வேண்டியவைதான். அவர்கள் நாலரை மணிக்கு நடந்துபோகும்போது தலைக்கு மேலே என்ன இருந்தது, அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் என்ன, என்ன பேசிக்கொண்டு போனார்கள் என்பது அதில் இல்லை. விடிவெள்ளியைப் பார்த்து மணி சொல்வார் என்று பெரியம்மா தன் மாமியாரைப் பற்றிச் சொல்கிறார். மாமியார் எந்தெந்த நட்சத்திரத்துக்கு என்னென்ன பெயர் சொன்னார் என்பதில் இரண்டுதான் பெரியம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது: விடிவெள்ளி, கூட்டுவெள்ளி. மீதி அந்த மாமியாரோடு போய்விட்டது.

ஓல்ம்ஸ்டெட் 1833இல் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று சாதாரண மனிதர்களிடம் கேட்டார், வந்த பதில்களை அடுக்கினார். நம் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது, அதில் ஒலிப்பதிவுப் பொத்தான் இருக்கிறது. டெம்பல் டட்டில் 2031இல் மறுபடி சூரியனிடம் வருகிறது. அதற்குள் சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து நூறு பேரின் குரலைப் பதிந்துவிட்டால், வால்நட்சத்திரத்துக்கு இருப்பதுபோல நமக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. வேலைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? பெரட்டுக்கு எந்த வழியாக நடந்தீர்கள்? நடக்கும்போது மேலே என்ன தெரிந்தது? மூன்றாவது கேள்விக்கு முதலில் “ஒண்ணும் தெரியாது” என்றுதான் பதில் வரும். கொஞ்சம் பொறுத்திருங்கள்.